எல்லாத்தையும் முதலே யோசிச்சு வைக்கிற பிள்ளைகள்

உங்களுக்கும் அப்படி ஒருத்தியைத் தெரிந்திருக்கும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வளர்ந்தவள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் தொடங்கி ஓ.எல்., ஏ.எல்., கம்பஸ், சீமா என்று ஒன்றையும் தவறவிடாதவள். ஒபிசில் மற்றவர்கள் மறந்ததெல்லாம் அவளுக்கு நினைவிருக்கும். வீட்டில் அம்மாவின் மருந்து முடிகிற நாள், தம்பியின் பாஸ்போர்ட் காலாவதியாகிற மாதம், தண்ணீர் பில் கட்டவேண்டிய திகதி எல்லாம் அவள் தலைக்குள்தான் இருக்கும். சொந்தக்காரர் அவளைக் காட்டித் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்: "அக்காவைப் பார், எவ்வளவு பொறுப்பு."

அந்த அக்காவுக்கு இரவில் நித்திரை வராது என்பது அனேகமாக ஒருத்தருக்கும் தெரியாது.

பின்னேரம் ஐந்தரைக்கு மேலதிகாரியிடமிருந்து ஒரு வட்ஸ்அப் வந்திருக்கும். "நாளைக்கு வந்ததும் என்னை ஒருக்கால் சந்தியுங்கோ." அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறும்போதே தொடங்கிவிடும். எதற்காக இருக்கும்? போன கிழமை அனுப்பிய அறிக்கையில் பிழையா? மூன்றாம் பக்கத்துக் கூட்டுத்தொகையை இரண்டாந்தரம் பார்த்தேனா? வழக்கமாக நன்றி சொல்லி முடிக்கிறவர் இன்றைக்கு ஏன் சொல்லவில்லை? சாப்பிட்டுக்கொண்டே போனில் அறிக்கையைத் திறந்து பார்ப்பாள். பிழை இல்லை. அப்படியென்றால் வேறு என்ன? படுத்த பிறகு அவர் கேட்கக்கூடிய கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுமொழி தயாராகும். அந்த மறுமொழிக்கு அவர் என்ன சொல்லுவார் என்பதும் தயாராகும். நடுச்சாமம் தாண்டினால், வேலை போனால் கையில் உள்ள காசு எத்தனை மாத வாடகைக்குத் தாங்கும் என்ற கணக்கு ஓடும். காலையில் போய் நின்றால், புதிதாகச் சேரப்போகிற பிள்ளைக்கு வேலை பழக்க முடியுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார்.

நான் கணக்காய்வுத் துறையில் வேலை செய்கிறேன். இப்படியான பெண்களோடுதான் என் நாட்கள் போகின்றன. நானும் அவர்களில் ஒருத்தி. "ஓவரா யோசிக்காதை" என்று எங்களுக்கு எல்லோரும் சொல்கிறார்கள், ஏதோ கூடப் பிறந்த குணத்தைச் சொல்வதுபோல. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இது நாங்கள் படித்த பாடம். இந்த நகரம் படிப்பித்தது, எங்கள் வீடுகள் படிப்பித்தன, பரீட்சைகள் படிப்பித்தன. படித்த காலத்தில் அது எங்களைக் காப்பாற்றியது. காலம் மாறிய பிறகும் அதை நிறுத்த ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

கைப்பைக்குள் இருந்த பாடம்

போரின் கடைசி ஆண்டுகளில், 2006இலிருந்து 2009 வரை, கொழும்பில் வேலைக்குப் போன ஒரு தமிழ்ப் பெண்ணின் கைப்பையை எனக்கு இப்போதும் வரிசை மாறாமல் சொல்ல முடியும். முன் அறையில் தேசிய அடையாள அட்டை. நாங்கள் ஐசி என்போம். தேடி எடுக்கச் சுணங்கினால் அதுவே சந்தேகத்துக்குப் போதும் என்பதால் எப்போதும் முன் அறை. அதற்குப் பின்னால் பொலிஸில் பதிந்த துண்டின் போட்டோப் பிரதி. வேலை செய்யும் இடத்து அட்டை. அங்கே வேலை செய்கிறார் என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அடித்து, முத்திரை குத்தி வாங்கிய கடிதம். சிங்களம் தடையில்லாமல் பேசுகிற ஒரு சக ஊழியரின் தொலைபேசி இலக்கம், போன் செத்துப்போனாலும் கைக்கு வரும்படி ஒரு கடதாசியில். ஐசியில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் கேள்விகள் கூடும். ஆகவே கேள்விக்கு முதலே பதில்: எப்போது வந்தாய், ஏன் வந்தாய், யாரோடு இருக்கிறாய், எவ்வளவு காலம் இருப்பாய்.

வாசலில் அம்மா நிற்பா. "ஐசி எடுத்தனியே? துண்டு வைச்சிருக்கிறியே? போய்ச் சேர்ந்தவுடனை கோல் எடு."

அந்தக் கேள்விகளைக் கேட்காத தாயைப் பொறுப்பில்லாதவள் என்றுதான் அன்றைக்குச் சொல்லியிருப்போம். காலி வீதியில் எந்த இடத்தில் பஸ்ஸை மறிப்பார்கள், மறித்தால் எந்தப் பக்கம் இறங்க வேண்டும், நகரில் எங்காவது குண்டு வெடித்தால் பின்னேரம் எந்த வழியால் வீட்டுக்கு வரலாம், இரவு தேடுதல் வந்தால் கதவை யார் திறப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை முன்கூட்டியே இருக்க வேண்டும். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த காலத்திலிருந்தே, ஒவ்வொரு வெடிப்புக்கும் பிறகு எங்கள் தெருக்களில் என்ன நடக்கும் என்பது எங்களுக்குப் பாடமாகியிருந்தது.

அம்மாவின் தலைமுறைக்கு இந்தப் பாடம் 1983இலேயே கிடைத்தது. ஜூலை 24 இரவு பொரளையில் தொடங்கிய தமிழருக்கு எதிரான வன்முறை அடுத்த நாள் வெள்ளவத்தைக்கு வந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துத் தமிழர் வீடு எதுவென்று பார்த்துக் கொளுத்தினார்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதியாக இருந்து, கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. திரும்பிக் கொழும்புக்கு வந்து புதிதாக வீடு பிடித்த பெண்கள் ஒரு பழக்கத்தோடு வந்தார்கள்: காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், நகை, கொஞ்சக் காசு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பது. எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் அந்தப் பை இன்றைக்கும் இருக்கிறது.

பிறகு 2007 ஜூன் 7. விடிவதற்கு முதலே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜ்களில் பொலிஸார் கதவைத் தட்டினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், விசாவுக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் என்று 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த நாளே நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தமும் தெரிவித்தார். ஆனால் அந்த ஒரு காலை எங்களுக்கு விட்டுப்போன பாடம் நீதிமன்றத் தடையோடு முடியவில்லை. சரியான காரணமும் சரியான கடதாசியும் கையில் இருந்தாலும் போதாது. இன்னும் ஒரு படி முன்னால் யோசித்திருக்க வேண்டும். எந்தப் படி என்று எவருக்கும் தெரியாது. ஆகவே எல்லாப் படியையும் யோசிக்கத் தொடங்கினோம்.

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் காயம் தனி ஆளோடு நிற்பதில்லை என்று பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார். அது குடும்பத்திலும் ஊரிலும் படிகிறது. உறவுகளின் பழக்கமாக மாறுகிறது. கூட்டு மனவடு என்று அவர் சொல்வதை நான் எங்கள் வாசற்படியில் நின்ற கேள்விகளில் பார்க்கிறேன். அம்மா எனக்குப் பயத்தைத் தரவில்லை. பயத்தைக் கையாளத் தனக்குத் தெரிந்த ஒரே வழியைத் தந்தா.

நாலு தசமதானம்

இரண்டாவது பள்ளிக்கூடம் பரீட்சை மண்டபம்.

1971இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவ பீடத்துக்குத் தமிழ் மொழி மூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளி தேவைப்பட்டது. சிங்கள மொழி மூலத்துக்கு 229. பிறகு முறை பலதரம் மாறியது. இன்று மொழிவாரி வெட்டுப்புள்ளி இல்லை. 2001இலிருந்து இஸட் புள்ளி. 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முறை மாறினாலும் எங்கள் வீடுகளில் ஒரு வசனம் மாறவில்லை: "மற்றவை எண்பது எடுத்தால் நீ தொண்ணூறு எடுக்கவேணும்." அதற்குப் பக்கத்தில் 83க்குப் பிறகு சேர்ந்த இன்னொரு வசனம்: "வீட்டை எரிக்கலாம், படிப்பை ஒருத்தரும் எரிக்கேலாது."

கொழும்பு மாவட்டத்துப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி உயரம். பெறுபேறு நாலு தசமதானம் வரை வரும். நாலாம் தசமத்தில் தவறிப்போன பிள்ளையின் கதை ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒன்று இருக்கும். அப்படியான இடத்தில் ஒரு கேள்வியை விடையெழுதிவிட்டு விட்டுவிடுகிற பிள்ளை கெட்டிக்காரி என்று பெயரெடுக்க மாட்டாள். எழுதிய விடையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவள், ரீச்சர் சிவப்புப் பேனை எடுக்க முதல் தன் பிழையைத் தானே கண்டுபிடிப்பவள், பாஸ் பேப்பர் எல்லாம் செய்து முடித்த பிறகும் "ஏதோ ஒண்டை விட்டிட்டன்" என்று தேடுபவள், அவள்தான் முதலாம் பிள்ளை. பத்து வயதிலிருந்து பத்தொன்பது வரை நாங்கள் இரசாயனமும் கணக்கியலும் மட்டும் படிக்கவில்லை. என்னில் எங்கோ ஒரு பிழை இருக்கிறது, அதை மற்றவர் காண முதல் நான் காணவேண்டும் என்பதையும் படித்தோம். அதற்குப் பரிசளிப்பு விழாவில் மேடையேறிக் கிண்ணமும் வாங்கினோம்.

யோசித்ததால்தான் நடக்கவில்லையா?

இது எப்படிப் பழக்கமாகிறது என்பதை ஆய்வாளர்கள் நன்றாகவே விளக்கியிருக்கிறார்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அமெரிக்க உளவியலாளர் தோமஸ் போர்கோவெக் கவலையைப் பற்றியே ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். அவர் காட்டிய சுற்று மிக எளியது. ஒரு கெடுதல் நடக்கலாம் என்று பயப்படுகிறோம். அதைப் பற்றி யோசிக்கிறோம். பயந்தவற்றில் பெரும்பாலானவை எப்படியும் நடப்பதில்லை. நடக்காதபோது மனம் கணக்கை இப்படி முடிக்கிறது: "நான் யோசிச்சன், ஒண்டும் நடக்கேல்லை, அப்ப யோசிச்சது நல்லதுதான்." ஒவ்வொரு நல்ல முடிவும் யோசனைக்கு இன்னொரு சம்பளம். அதோடு, சொற்களாக ஓடுகிற யோசனை பயத்தின் உருவத்தையும் உடம்பின் பதற்றத்தையும் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் தள்ளி வைக்கிறது. அதனால் அது வேலை செய்கிறது போலவே தெரியும். சோதனைச் சாவடியில் ஒவ்வொரு நாளும் பத்திரமாகக் கடந்துபோன பெண்ணுக்கு இந்தக் கணக்கு எத்தனை ஆயிரம் தரம் சரியாக வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நடந்து முடிந்ததைத் திரும்பத் திரும்பக் கிளறுவது இதன் மற்றப் பக்கம். அதை ஆராய்ந்தவர் சூசன் நோலன்-ஹூக்ஸீமா. 1989 ஒக்ரோபரில் கலிபோர்னியாவில் லோமா பிரியேற்றா நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு கிழமைக்கு முதல்தான், வேறொரு நோக்கத்துக்காக, ஸ்ரான்போர்ட் மாணவர்கள் மனம் சோர்ந்தால் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அவர் குழு கேட்டுப் பதிந்து வைத்திருந்தது. நடுக்கத்துக்குப் பிறகு அதே மாணவர்களைத் திரும்பக் கேட்டார்கள். முதலே கிளறி யோசிக்கும் பழக்கம் இருந்தவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாகவும் நீண்ட நாளும் இருந்தது. பெண்களிடம் இந்தப் பழக்கம் ஆண்களைவிடக் கூட என்பதையும் அவர் ஆய்வுகள் காட்டின. 2003இல் பெண்களுக்காகவே இதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 2013இல் காலமானார்.

சாதிக்கிற பெண்களுக்கென்று இன்னொரு முடிச்சு இருக்கிறது. 1978இல் பவுலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், பட்டமும் பதவியும் பெற்ற நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெண்களோடு பேசி எழுதினார்கள். அந்தப் பெண்களுக்குத் தங்கள் வெற்றி தங்களுடையது என்ற நம்பிக்கை வரவில்லை. அகப்பட்டுவிடுவோம் என்ற பயத்தில் தேவைக்கு மேல் ஆயத்தம் செய்தார்கள். வெற்றி வந்தது. வந்த வெற்றியைத் திறமைக்கு எழுதாமல் ஆயத்தத்துக்கே எழுதினார்கள். அடுத்த தடவை ஆயத்தம் குறைந்தால் என்ன ஆகும் என்ற பயம் இன்னும் கூடியது. வெள்ளவத்தை ரியூசன் வகுப்புகளை ஒருநாளும் பார்த்திராத அவர்கள் எங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று வாசிக்கும்போது தோன்றும்.

உடம்புக்கு இதனால் என்ன? ஆபத்து வந்தால் நெஞ்சு அடிக்கும், தசை இறுகும், நித்திரை கலையும். ஆபத்துப் போனால் உடம்பு ஆறும். ஆனால் நடக்காத ஆபத்தை மனம் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருந்தால் உடம்பும் ஆறாமல் நிற்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர் பிரொஸ்கொட்டும் கூட்டாளிகளும் 2006இல் முன்வைத்த கருத்து இதுதான்: அழுத்தத்தை உடம்பில் நீடிக்க வைப்பது சம்பவத்தைவிட அதைப் பற்றிய ஓயாத யோசனை. பெரிய பெரிய பதவியில் இருக்கிற எங்கள் பெண்கள் காஸ்ரைட்டிஸ், கழுத்து வலி, தலையிடி என்று மருந்தெடுத்துக்கொண்டு திரிவதை நான் இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

கதவுக்குப் பக்கத்து வாங்கு

"சண்டை முடிஞ்சு இவ்வளவு காலம், இன்னும் என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மனம் ஓயத் தொடங்கிய நேரத்தில் மறுபடியும் பாடம் எடுக்கப்பட்டது.

கொட்டாஞ்சேனைத் தோழி ஒருத்தி, வங்கியில் நல்ல பதவி. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போவது அவள் குடும்பத்து வழக்கம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை அந்த ஆலயத்துக்குள் குண்டு வெடித்தபோது அவள் வீட்டில் இருந்தாள். ஒழுங்கை முழுக்க அழுகுரல் கேட்ட நாள் அது. ஆலயம் திருத்தப்பட்டு, இரண்டு மாதத்துக்குள், ஜூன் 12 அன்று, திருவிழாவுக்கு முதல் நாள் மீண்டும் திறக்கப்பட்டது. அவள் திரும்பப் போகிறாள், மெழுகுதிரி கொளுத்துகிறாள், வேண்டுகிறாள். ஆனால் கதவுக்குப் பக்கத்து வாங்கில்தான் இருக்கிறாள். யார் முதுகுப்பை போட்டு வருகிறார்கள் என்று பார்க்கிறாள். மகளை எந்தப் பக்கத்தால் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று பூசை முடியும்வரை கணக்குப் போடுகிறாள். அவளிடம் போய் "இல்லாததை யோசிக்கிறாய்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. இல்லாததை அவள் யோசிக்கவில்லை. நடந்ததை யோசிக்கிறாள், அது திரும்ப நடக்காத நாட்களிலும்.

இதோடு வீட்டுச் சுமையும் சேர்கிறது. எங்கள் குடும்பங்களில் அண்ணாவும் தம்பியும் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார்கள். கொழும்பில் நின்றுவிட்ட மகள்தான் அம்மா அப்பாவுக்கு வைத்தியசாலை, வங்கி, கிராம சேவகர், பென்சன், கோயில் அர்ச்சனை எல்லாம். காசு வெளியிலிருந்து வரும், யோசனை இங்கேதான் ஓடும். கனடாவில் பகல் என்றால் இங்கே இரவு. படுக்கிற நேரத்தில் போன் அடிக்கும்: "அம்மாவின்ர ரிப்போர்ட் என்ன சொல்லுது?" ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். இவள் ரிப்போர்ட்டோடு விடியும்வரை கிடப்பாள்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இன்று பெண்களே பெரும்பான்மை. ஆனால் வேலைச் சந்தையில் இருக்கும் பெண்கள் மூன்றில் ஒரு பங்களவுதான். அந்த ஒரு பங்குக்குள் வந்து நிற்கிறவள், வெளியில் ஒரு முழு வேலையும் வீட்டில் ஒரு முழு வேலையும் பார்த்துக்கொண்டு, இரண்டிலும் பிழை விடக்கூடாது என்று நினைப்பவள். அவள் யோசிப்பதை நிறுத்தினால் அந்த யோசனைகளை எடுத்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. பழக்கம் நிலைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்களுக்குப் பயன்படுகிறவை

படித்ததை மறக்கப் பழகலாம். எனக்கும் என் வயதுத் தோழிகளுக்கும் பயன்பட்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, யோசனைக்கு ஒரு நேரம் ஒதுக்குவது. போர்கோவெக்கும் கூட்டாளிகளும் இந்த முறையைப் பிரசுரித்தது 1983இல், வேறு காரணத்துக்காக நாங்கள் மறக்க முடியாத அதே ஆண்டில். ஒவ்வொரு நாளும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணித்தியாலம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வரியில் குறித்துவிட்டு, "ஆறு மணிக்குப் பார்க்கிறன்" என்று தள்ளி வைப்பது. ஆறு மணிக்குக் கொப்பியை எடுத்து உட்கார்ந்து உண்மையிலேயே யோசிப்பது. யோசிக்காதே என்று எங்கள் மனத்துக்குச் சொன்னால் அது கேட்காது. பிறகு யோசி என்றால் கேட்கும், ஏனென்றால் அதற்கு ஒழுங்கும் நேரசூசியும் பிடிக்கும். மாலையில் மரீன் டிரைவ் பக்கம் நடக்க முன் இதைச் செய்து முடிப்பவர்களை எனக்குத் தெரியும். படுக்கையில் வைத்து மட்டும் செய்யக்கூடாது.

இரண்டாவது, "ஏன்" என்பதை விட்டு "என்ன செய்யலாம்" என்பதற்கு வருவது. இங்கிலாந்தின் எக்ஸெற்றர் பல்கலைக்கழகத்து எட் வட்கின்ஸ் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியது: "ஏன் எனக்கு மட்டும்", "ஏன் அப்படிச் சொன்னேன்" என்ற பொதுவான கேள்விகள் மனத்தைச் சுழல வைக்கின்றன, எப்போது, எங்கே, அடுத்து என்ன என்ற நுணுக்கமான கேள்விகள் அதைச் செயலுக்குக் கொண்டுவருகின்றன. மேலே சொன்ன வட்ஸ்அப்பையே எடுங்கள். "வாறன். எதைப் பற்றி என்று சொன்னால் ஆயத்தமாக வரலாம்" என்று ஒரு வரி திருப்பி அனுப்பினால் அந்த இரவு முழுக்க மிச்சம். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எங்களுக்கு யாரோ சொல்லித்தந்திருக்கிறார்கள். அது மரியாதைக் குறைவே இல்லை.

மூன்றாவது, ஆளோடு பேசுவது. சிம்பாப்வேயின் ஹராரே நகரில் உளமருத்துவர் டிக்சன் சிபண்டா தொடங்கிய ஒரு திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மரவாங்கில் இருந்து, அதிகம் யோசித்து நோயாகிப் போனவர்களோடு பேசுகிறார்கள். பிரச்சினைகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதற்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். 2016இல் வெளியான மருத்துவ ஆய்வில், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிட அந்த வாங்கில் பேசியவர்களுக்கு மனச்சோர்வு தெளிவாகக் குறைந்திருந்தது. எங்கள் ஊரிலும் பாட்டிமாருக்குக் குறைவில்லை. குறைவாக இருப்பது, பேசுகிறவளைத் திருத்தாமல், ஒப்பிடாமல், "அதுக்கென்ன, நான் படாததா" என்று சொல்லாமல் கேட்கிற பழக்கம்.

நாலாவது, மருத்துவ உதவி. கிழமைக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது, காலையில் எழும்ப மனமில்லை என்றால் அது யோசனையைத் தாண்டிப் போய்விட்டது. மனநல வைத்தியசாலை இருப்பதால் அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே ஏச்சாகப் பாவிக்கிற சமூகம் நாங்கள். அந்த வெட்கம் எங்கள் பெண்களை எத்தனை வருடம் மருந்தில்லாமல் வைத்திருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். 1974இலிருந்து இயங்கும் சுமித்ரயோவிலும் பெயர் சொல்லாமல் பேசலாம்.

மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது

இவ்வளவையும் அந்தப் பெண்ணே செய்துகொள்ளட்டும் என்று விட்டால், அவள் பட்டியலில் இன்னொரு வேலையைச் சேர்த்தது மட்டும்தான் மிச்சம். ஆகவே மற்றவர்களுக்கும் மூன்று வேண்டுகோள்.

மேலதிகாரிகளே, காரணம் எழுதாமல் "வந்து சந்தியுங்கோ" என்று அனுப்பாதீர்கள். இரண்டு சொல் கூட எழுதினால் ஒருத்தியின் இரவு மிஞ்சும்.

வெளிநாட்டில் இருக்கிற அண்ணாமாரே, தம்பிமாரே, காசு அனுப்புவது பெரிய உதவி. அதோடு ஒரு பொறுப்பை முழுதாக எடுங்கள். அம்மாவின் கண் வைத்தியம் என்றால், திகதி எடுப்பது, நினைவூட்டுவது, வைத்தியரோடு வீடியோவில் பேசுவது, மருந்து முடிய முதல் வாங்க ஒழுங்கு செய்வது எல்லாம் உங்களுடையது. "என்ன செய்யவேணும் எண்டு சொல்லு, செய்யிறன்" என்றால் யோசிக்கிற வேலை இன்னும் அக்காவிடம்தான் இருக்கிறது.

அம்மாமாரே, நீங்கள் படிப்பித்த பாடத்துக்கு நாங்கள் நன்றி மறக்கவில்லை. நாங்கள் இன்றைக்கு உயிரோடும் வேலையோடும் இருப்பதில் அதற்கும் பங்குண்டு. ஆனால் பேத்திக்கு அதையே முழுதாகக் கொடுக்க வேண்டாம். தொண்ணூற்றிரண்டு எடுத்து வந்தால் மிச்ச எட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் நல்லது என்ன நடந்தது என்று கேளுங்கள். பிழை விட்டு வந்த நாளிலும் அதே கோப்பையில் தேத்தண்ணி கொடுங்கள்.

இதை வாசிக்கிற தங்கச்சி, நீ யோசித்து யோசித்துக் களைத்தது உன் பலவீனத்தால் இல்லை. ஆபத்தான ஒரு காலத்தில் உன்னையும் உன் வீட்டையும் காக்கப் படித்த வேலையை நீ இன்னும் ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறாய். அந்த வேலையின் பெரும்பகுதி இப்போது தேவையில்லை. தேவையான மிச்சத்தை நீ ஒருத்தி மட்டும் சுமக்க வேண்டியதும் இல்லை. இன்றைக்கு உன் தலைக்குள் இருக்கிற ஒரு பொறுப்பைத் தெரிந்தெடு. அதை வீட்டில் இன்னொருவரிடம் முழுதாகக் கொடு. அவர் அதை உன்னளவு நன்றாகச் செய்யாவிட்டாலும் திரும்ப வாங்காதே.